தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த மண்டபம்

எங்கள் மண்டபத்தை யாரும் வந்து பறித்துக்கொண்டு போகவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து, தாம்பாளத்தில் ஏந்தி, நாங்களே கொடுத்தோம். ஏந்தியவர் என் கணவர். அதனால்தான் இதை நான் எழுத வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் எழுதினால் பூசி மெழுகிவிடுவார்கள். எனக்கு வாய் நீளம் என்பது எங்கள் ஒழுங்கையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மண்டபம் என்று சொன்னாலும் அது மண்டபமாகக் கட்டப்பட்டதல்ல. வெள்ளைக்கார நேவி துறைமுகத்தில் இருந்த காலத்தில் கயிறும் பாய்த்துணியும் அடுக்கிவைத்த களஞ்சியம். நேவி போனபிறகு கட்டடம் எங்கள் பகுதிச் சபையின் கையில் வந்தது. அதை வைத்து என்ன செய்வதென்று சபைக்குத் தெரியவில்லை, ஊருக்குத் தெரிந்திருந்தது. ஒரு பக்கம் பலகை அடித்து மேடை போட்டார்கள். கோயில் திருவிழாவுக்கு முன் அங்கே நாடகம் பழகினார்கள். தவக்காலத்தில் தேவாலயத்துப் பெடியள் திருப்பாடுகளின் நாடகம் பழகினார்கள். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வந்து இங்கே தொழில் செய்த முஸ்லிம் ஆட்கள் பெருநாளுக்குக் கம்பு தட்டி ஆடுகிற பொல்லடி பழகினார்கள்.

இத்தனை பேருக்கும் ஒரு கதவு, ஒரு பூட்டு, ஒரே ஒரு திறப்பு. அந்தத் திறப்பு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் ஓர் ஆணியில் தொங்கும். கடைக்காரர் மூதூர் ஆள், நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். மண்டபம் வேண்டியவர் நானாவிடம் ஒரு சொல் சொல்லித் திறப்பை எடுப்பார், வேலை முடிந்ததும் கொண்டுவந்து மாட்டுவார். எவருக்கு எந்த நாள் என்பது நானாவின் தலைக்குள் இருக்கும். இதற்கு மேல் ஒரு சட்டமும் இருக்கவில்லை, ஒரு சண்டையும் வந்ததில்லை.

இவர், என் கணவர், நேவியின் கப்பல்பட்டறையான டொக்யாட்டில் கப்பல்களுக்குப் பெயரும் இலக்கமும் எழுதிக்கொண்டிருந்தவர். நேவி கப்பலேறியதோடு அந்த வேலையும் கப்பலேறியது. அதன் பிறகு வயிற்றுப்பாட்டுக்குக் கடைப் பலகைகள் எழுதினார், போதாததை நான் தையல் மெஷினில் ஓட்டினேன். சனிக்கிழமைகளில் மண்டபத்தின் பக்க அறையில் பிள்ளைகளுக்குச் சித்திரம் பழக்கினார். அதனால் ஊருக்கு மாஸ்டர் ஆனார். மற்ற நாட்களில் அதே அறையில் தனக்காகப் படம் கீறினார். பெரும்பாலும் கடல்தான். கடலில் என்ன இருக்கிறது கீறுவதற்கு என்று நான் பகிடி பண்ணுவேன், அவர் சிரித்துவிட்டுப் போவார்.

நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு தாழ்ந்த கூரையும் இரண்டு அறையுமாக, நடுப்பகலிலும் விளக்குக் கொளுத்த வேண்டிய வீடு. அங்கே ஒரு கோடுகூட இவரால் கீற ஏலாது. கீறாத நாட்களில் இவர் எப்படி இருப்பார் என்பதை நான் கலியாணமாகி முதல் மாரியிலேயே கண்டுவிட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருப்பார். சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழும்புவார். அந்த அறை இல்லாமற் போனால் இந்த மனிதர் எனக்கு மிஞ்சமாட்டார் என்று அப்போதே தெரியும்.

அப்படிப்பட்ட அறைதான் ஒழுகத் தொடங்கியது. ஒவ்வொரு மாரிக்கும் ஓடுகள் உடைந்தன. மேடைப்பக்கச் சுவர் கை நுழைகிற அளவுக்கு வெடித்தது. சபையிடம் போனால் பணமில்லை என்றார்கள். அது வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். பாணுக்கே வரிசையில் நின்றோம். சீமெந்து பெர்மிட்டுக்குத்தான் கிடைக்கும், அந்தப் பெர்மிட்டும் பொதுக் காரியத்துக்கென்றால்தான் கிடைக்கும்.

இந்த நேரத்தில்தான் முதலாளி வந்தார். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கிறவர், ஓர்ஸ் ஹில்லில் வீடு. அவரிடம் பணம் இருந்தது, லொறி இருந்தது, மேசன்மார் இருந்தார்கள். பெர்மிட் மட்டும் இல்லை. சபையிடம் அது ஒன்றுதான் இருந்தது. இரண்டு பகுதியும் கூடிப் பேசின. கட்டடமும் பெர்மிட்டும் சபையுடையது, செலவும் வேலையும் முதலாளியுடையது. அதற்கு ஈடாக முன்பக்கத்து இரண்டு அறைகளைச் சில வருடங்களுக்கு அவர் கடையாக வைத்திருக்கலாம். மேடையும் கூடமும் பக்க அறையும் எப்போதும்போல ஊருக்கு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. எதிலும் குற்றம் கண்டுபிடிக்கிற எனக்கே அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை.

எல்லோரிலும் கூடச் சந்தோஷப்பட்டவர் இவர்தான். பக்க அறைக்கு வடக்குச் சுவரில் பெரிய யன்னல் ஒன்று வேண்டும், வடக்கிலிருந்து வருகிற வெளிச்சத்தில்தான் நிறம் கண்ணை ஏமாற்றாது என்று முதலாளிக்குப் படம் கீறிக் காட்டினார். முதலாளி படத்தை வாங்கி நிதானமாகப் பார்த்துவிட்டு, மாஸ்டருக்கு எவ்வளவு பெரிசு வேணுமோ அவ்வளவு பெரிசாக வைப்பம் என்றாராம். சொன்னபடி வைத்தும் கொடுத்தார். அந்த மனிதரைப் பற்றி நான் பொய் எழுத மாட்டேன். யன்னல் உண்மையிலேயே வந்தது.

ஊரும் சும்மா இருக்கவில்லை. கட்டைபறிச்சானிலிருந்து கூரைமரம் வள்ளத்தில் வந்தது. சீனன்குடாவில் வேலை செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மின்சார வயர் இழுத்தார்கள். பெண்கள் நாங்கள் சாந்து குழைக்கத் தண்ணீர் சுமந்தோம். நானா மேசன்மாருக்கு விலையில்லாமல் தேத்தண்ணி ஊற்றினார். முடிந்தபோது கட்டடத்தைப் பார்க்க எனக்கே கண் கலங்கியது. இவர் புது யன்னலடியில் நின்று, உள்ளங்கையை நீட்டி, வெளிச்சத்தை ஏதோ தண்ணீர் ஏந்துவதுபோல ஏந்திப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விழா வைக்க வேண்டும். ஆர் திறந்து வைப்பது என்பதில் பிடுங்குப்பாடு தொடங்கியது. சபைத் தலைவர் திறந்தால் செலவழித்த முதலாளிக்கு மனம் நோகும், முதலாளி திறந்தால் தலைவருக்கு முகம் கறுக்கும். திருத்த வேலைக்கென்று ஊர் சேர்த்த மண்டபக் கமிட்டியில் இளைப்பாறிய தலைமையாசிரியர் ஒருவர் தலைவராக இருந்தார். தேவாலயத்து உபதேசியார் இருந்தார், நானா இருந்தார், இவர் இருந்தார். ஒருவர் மனமும் நோகாமல் காரியம் நடத்துவதில் நால்வரும் விண்ணர்கள். கடைசியில் இவர்தான் வழி சொன்னார்: சபைத் தலைவர் நாடாவை வெட்டட்டும், முதலாளி கதவைத் திறக்கட்டும். எல்லோரும் இவரைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுக்காகத்தான் திறப்பைக் கொடுக்கிற மரியாதையையும் இவரிடமே விட்டார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். பள்ளிக்கூடமோ வாசிகசாலையோ திறக்கும்போது திறப்பைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து நீட்டுவார்கள். வந்த பெரியவர் அதை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டு, திரும்பத் தாம்பாளத்தில் வைத்துவிடுவார். வை என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை, அது தெரிந்த விஷயம். அதே நேரம், வெற்றிலையோடு கொடுத்த எதையும் திருப்பிக் கேட்பதில்லை என்பதும் தெரிந்த விஷயம்தான். சம்பந்தம் பேசினாலும் காணி கைமாறினாலும் வெற்றிலை கைமாறினால் சொல் முடிந்தது. இந்த இரண்டு வழக்கமும் ஒன்றையொன்று முட்டும் என்று நாங்கள் ஒருவரும் நினைத்ததேயில்லை.

அன்று காலை நானா அந்தப் பழைய திறப்பைப் புளி போட்டு மினுக்கி இவரிடம் கொடுத்தார். இவர் நான் கஞ்சி போட்ட வேட்டியோடு தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு நின்றார். தலைவர் நாடாவை வெட்டினார். முதலாளி வெற்றிலையைத் தொட்டுக் கும்பிட்டு, திறப்பை எடுத்துக் கதவைத் திறந்தார். நாதஸ்வரக்காரர் உச்சத்தில் வாசிக்க எல்லோரும் கை தட்டினோம். அவர் திறப்பைத் தன் நஷனல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தார். இவர் வெறும் வெற்றிலைத் தாம்பாளத்தோடு பின்னால் போனார். நான் பெண்கள் பக்கத்தில் நின்று பார்த்தேன். மறதியாகப் போட்டுவிட்டார், போகும்போது தருவார் என்றுதான் நானும் நினைத்தேன்.

போகும்போது தரவில்லை. அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் சித்திரக் கொப்பியோடு வந்து பூட்டிய கதவின் முன் நின்றார்கள். இவர் முதலாளிக்குப் பணிவாக ஆள் அனுப்பினார். முதலாளியின் கணக்கப்பிள்ளை வந்து திறந்துவிட்டு, வகுப்பு முடியும்வரை வாசலில் கதிரை போட்டு இருந்து, பிறகு பூட்டிக்கொண்டு போனார். அதற்கடுத்த வாரம் அவருக்கு வேறு வேலை. பிறகு பெயின்ற் காயவில்லை என்றார்கள். பிறகு மேடைக்குத் திரை தைக்கக் கொடுத்திருக்கிறது, வரட்டும் என்றார்கள். நாடகக்காரரும் பொல்லடிக்காரரும் பழக்கதோஷத்தில் நானாவின் கடைக்கு வந்து, ஆணியைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். நானா பாவம், தான் எதையோ களவெடுத்ததுபோல ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கமிட்டி கூடியது. திறப்பைக் கேட்க வேண்டும் என்பதில் ஒருவருக்கும் மறுப்பில்லை. எப்போது கேட்பது, ஆர் கேட்பது என்பதுதான் கதை. தைப்பொங்கல் நேரம் கேட்டால் நல்லாயிராது. பொங்கல் போனால் முதலாளியின் மகளுக்குக் கலியாணம். கலியாண வீட்டில் சாப்பிட்ட கை காயமுதல் போய்க் கேட்பதா? பிறகு அவருடைய தாயார் மோசம் போனார். செத்தவீட்டுத் துடக்குக் கழியட்டும் என்றார்கள். தலைமையாசிரியர் உபதேசியாரைக் காட்டினார், உபதேசியார் நானாவைக் காட்டினார். நானா, கொடுத்தது மாஸ்டர், மாஸ்டர் கேட்பதுதான் முறை என்றார். இவரோ, தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த நானே எந்த முகத்தோடு கேட்பது என்றார். எனக்கு இவர்களைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. நான்கு படித்த தலைகள், ஒரு பித்தளைத் துண்டைக் கேட்க வாயில்லை.

சபைப் பக்கமும் போய்ப் பார்த்தார்கள். பழைய தலைவர் போய்ப் புதியவர் வந்திருந்தார். ஊர் பார்க்கக் கொடுத்த திறப்பு, நீங்களே நல்லமாதிரிக் கேட்டு வாங்குங்கள், நான் இடையில் வந்தால் சண்டையாகப் போகும் என்றாராம்.

அந்த மாரி நல்ல மாரி. முதலாளியின் கடைக்கு வந்த கப்பல் சாமான் மூடைகள் நனையக் கூடாதென்று நாலு நாளைக்குக் கூடத்துக்குள் அடுக்கினார்கள். நாலு நாள் நாலு மாதமானது. கூடம் நிரம்பியபோது மேடைக்கு ஏறின. மேடை நிரம்பியபோது பக்க அறைக்குப் போயின. ஒருநாள் பாண் வாங்கிக்கொண்டு வரும்போது அந்த வடக்கு யன்னலைப் பார்த்தேன். கண்ணாடிக்கு உள்ளே மேலிருந்து கீழ்வரை மூடைகள். நான் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் அதே வழியால்தான் இவரும் நடந்தார்.

இவர் முற்றத்தில் படத்தை வைத்துக் கீறிப் பார்த்தார். வெயில் ஒருபக்கம், காற்று ஒருபக்கம், பக்கத்து வீட்டுக் கோழிகள் ஒருபக்கம். இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார். தூரிகைகளைக் கழுவித் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தார். பிறகு கதிரையில் இருக்கத் தொடங்கினார். முதல் மாரியில் நான் கண்ட அதே மனிதர், இப்போது தலை நரைத்து. எங்கள் பிள்ளைகள் ஏதாவது கேட்டால் இரண்டாம் தரம் கேட்டபிறகுதான் திரும்புவார். குசினியில் நின்று அவரது முதுகைப் பார்த்துக்கொண்டு நான் சமைத்தேன். மனம் வெந்தது என்று சும்மா எழுதவில்லை, உண்மையாகவே நெஞ்சுக்குள் எரிந்தது.

ஒருநாள் காலை பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு ஓர்ஸ் ஹில்லுக்கு ஏறினேன். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் போக விட்டிருக்க மாட்டார்.

முதலாளி என்னை விறாந்தையில் இருத்தி, மரியாதையாகச் சுகம் விசாரித்தார். அவருடைய மனைவி பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. மண்டபத் திறப்பை வாங்கிக்கொண்டு போக வந்தனான் என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. உண்மையில் ஆச்சரியப்பட்டார்.

“தங்கச்சி, நான் கேட்டு வாங்கேல்லையே. மாஸ்டர் வெத்திலை வைச்சு மரியாதையாத் தந்தவர். ஊரே பாத்து நிண்டது.”

“திறக்கத்தான் தந்தவர். வைச்சிருக்கத் தரேல்லை,” என்றேன்.

“அப்பிடியெண்டா அண்டைக்கே ஒருத்தர் கேட்டிருக்கலாமே? இவ்வளவு காலமும் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கேல்லை. எல்லாருக்கும் சம்மதம் எண்டுதான் நான் நினைச்சனான்.”

அவர் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பொய்யை உண்மையாக்கிக் கொடுத்தவர்கள் நாங்கள். நான் எழும்பினேன். தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ பிள்ளை என்று அவருடைய மனைவி சொன்னார். நான் தொடவில்லை. எங்களூரில் ஒரு வீட்டுத் தேத்தண்ணியைத் தொடாமல் எழும்புவது, முகத்தில் துப்பியதற்குச் சமன். தெரிந்துதான் செய்தேன். படியிறங்கும்போது, அந்த ஒன்றாவது செய்தோமே என்று உள்ளே ஒரு ஆறுதல் இருந்தது.

மத்தியானத்துக்கு முன் கதை வீட்டுக்கு வந்துவிட்டது. பலகை எழுத அளவெடுக்கப் போன இவரை, கணக்கப்பிள்ளை வழியில் மறித்து எல்லாம் சொல்லியிருக்கிறார். இவர் வந்து கதிரையில் இருந்தார். சத்தம் போடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், இரண்டு பேருக்கும் நெஞ்சு லேசாகியிருக்கும்.

“தேத்தண்ணியும் குடிக்கேல்லையோ?” என்று மட்டும் கேட்டார்.

ஓம், குடிக்கேல்லை என்றேன். இவருடைய முகம் அப்படியே வெளிறிப்போனது. மண்டபம் போனபோதும் யன்னலில் மூடை அடுக்கியபோதும் போகாத நிறம் அப்போது போனது.

பின்னேரம் குளித்தார். வேட்டி மாற்றினார். சந்தைக்குப் போய்க் கப்பல் வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு வந்து, எனக்கு முன்னாலேயே அதைத் துடைத்துப் பையில் வைத்தார். பிறகு புறப்பட்டார். ஒழுங்கை முடிகிற இடம்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஓர்ஸ் ஹில் பக்கம் திரும்பினார்.

விளக்கு வைத்த நேரம் வந்தார். மாதக்கணக்கில் காணாத சுறுசுறுப்பு நடையில் இருந்தது. செருப்பைக் கழற்றும்போதே கதைக்கத் தொடங்கிவிட்டார். முதலாளி எழும்பி நின்று வரவேற்றாராம். இரண்டு தரம் தேத்தண்ணி தந்தார்களாம். பெண் பிள்ளை, ஏதோ மனக்கவலையில் வந்து கதைத்துவிட்டாள், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று இவர் சொன்னதற்கு, அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். கூடத்தையும் சேர்த்துக் கடையைப் பெருப்பிக்கப் போகிறாராம், முகப்புக்கு நீளமான பெயர்ப்பலகை வேண்டுமாம், அதை மாஸ்டர்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். எட்டி அலுமாரிக்கு மேலிருந்த தூரிகைகளை எடுத்து, துணியை அவிழ்த்து, மயிர் கொட்டியிருக்கிறதா என்று விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

நான் குசினி வாசலில் அப்படியே இருந்துவிட்டேன். கலியாணமான நாளிலிருந்து அவருக்கு முன்னால் அழுததில்லை. அன்று அழுதேன், வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. இவர் தூரிகைகளை வைத்துவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் குந்தினார். நான் செய்த பிழையை நினைத்து அழுகிறேன் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். என் தலையைத் தடவினார்.

“அவர்தான் கோவிக்கேல்லையே. பிறகேன் அழுகிறீர்?”